அம்மாபேட்டை மேசைக்கணினிக்கு ஒன்று, ஏற்காட்டு மடிக்கணினிக்கு வேறொன்று

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மேசைக்கணினியில் தறிக் கணக்கும் மகளின் கல்லூரிக் கோப்புகளும் இருக்கின்றன. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய தம்பியின் வீட்டில், மழை பிடித்துக்கொண்டால் இணையத்தை இழந்துவிடும் ஒரு மடிக்கணினி இருக்கிறது. இரண்டிலும் விண்டோஸ் 11 தான் ஓடுகிறது. ஆயினும் இரண்டுக்கும் ஒரே ஆன்டிவைரஸைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை, சும்மா கிடைப்பது சுமாராகத்தான் இருக்கும் என்று ஒதுக்குபவர்கள் இன்னும் உண்டு. 2012-இல் விண்டோஸ் 8-உடன் அது முழு ஆன்டிவைரஸாக மாறியபோது அந்த ஐயத்துக்கு இடமிருந்தது. இன்றோ, பாதுகாப்பு, வேகம், நல்ல கோப்பைத் தவறாகப் பிடிக்காமை ஆகியவற்றுக்குத் தலா 6 புள்ளி வைத்து ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்தும் சோதனைகளில், அது கட்டண மென்பொருள்களுக்கு இணையாக முன்வரிசையில் நிற்கிறது. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. புதிய கோப்பு ஒன்றைக் கண்டால் மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டு முடிவெடுப்பதையே அது பெரிதும் நம்பியிருப்பதால், இணையம் அறுந்த நேரத்தில் அதன் கண் சற்று மங்கிவிடுகிறது. இணையத்தோடும் இணையமின்றியும் தனித்தனியே அளக்கும் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் சோதனைகளில் இந்த இறக்கம் தெரிந்திருக்கிறது.

நம் கடைகளில் பெட்டியாகவும் கீ (மென்பொருளை இயக்கும் உரிம எண்) அட்டையாகவும் அதிகம் விற்பவை, 1991-இல் தொடங்கிய சென்னையின் கே7-உம் புனேயின் குயிக் ஹீலும். பென் டிரைவைச் செருகியதுமே சோதிக்கும் வசதி இரண்டிலும் உண்டு. டிஃபெண்டர் அப்படி முந்திக்கொள்ளாது. கோப்பைத் திறக்கும்போதோ நகலெடுக்கும்போதோதான் பார்க்கும். ஜெராக்ஸ் கடைக்கும் வீட்டுக்குமாக பென் டிரைவ் அலையும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. இவ்விரண்டில், 4 ஜிபி நினைவகமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் கொண்ட கணினியில் கே7 இலகுவாக ஓடுகிறது. குயிக் ஹீல் முழு ஸ்கேனில் இறங்கிவிட்டால் எழுந்து போய்க் காப்பி போட்டுவிட்டு வரலாம்.

மற்றவற்றைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இலவச அவாஸ்ட் பிடிப்பதில் திறமையானது. ஆனால் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றதற்காக 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் அந்நிறுவனத்தை 1.65 கோடி டாலர் செலுத்தச் சொன்னதை என்னால் மறக்க இயலவில்லை. ரஷ்ய நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆன்டிவைரஸ் விற்பனைக்கு அதே ஆண்டில் அமெரிக்கா விதித்த தடை அந்த நாட்டுக்குரியதே. இருப்பினும் புதிதாக வாங்குபவர் அதை அறிந்து வாங்குவது நல்லது.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றோடு நிறுத்த வேண்டும். முன்பு ஒரு கடையில் எங்கள் கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கொடுத்தார்கள். அவை ஒன்றையொன்று சந்தேகித்ததில் கணினி எழுந்திருக்கவே ஐந்து நிமிடம் ஆனது. வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானே விலகிக்கொள்ளும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 10-இலேயே இருப்பவர்களின் நிலை வேறு: 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, நீட்டிப்புத் திட்டத்தில் சேராதவர்கள் எவ்வளவு விலைக்குக் கீ வாங்கினாலும் விண்டோஸிலேயே உள்ள ஓட்டை அடைபடாது. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை, மார்ச்சிலேயே வெளியான திருத்தத்தை ஏற்றாத கணினிகளில்தான் புகுந்து விளையாடியது.

அம்மாபேட்டையில் இணையம் அறுவதில்லை, பென் டிரைவும் அரிது. ஆகவே அங்கே டிஃபெண்டர் போதும். அதில் இயல்பாக அணைந்தே கிடக்கும் கோப்புறைப் பாதுகாப்பை மட்டும் இயக்கிவிட்டேன்; அறியாத மென்பொருள் எதுவும் ஆவணங்களில் கைவைக்க அது விடாது. முதல் நாளே எங்கள் கணக்கு மென்பொருளையும் தடுத்துவிட்டதால், அனுமதிப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. தம்பியோ கூலிப் பட்டியலை அச்சிட வாரந்தோறும் பென் டிரைவோடு கடைக்குப் போகிறவன். அவனுக்குக் கே7 வாங்கிக் கொடுத்தோம். மழை நாளில் புதுப்பிப்புக் கோப்பைச் சேலத்தில் இறக்கிக் கொண்டுபோய் ஏற்றவும் அதில் வழி இருக்கிறது. கீ முடியும் தேதியைத் தோட்டக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே அவன் எழுதி வைத்திருக்கிறான்.