ஏவிஆர், கண்டன்சர், இன்வெர்ட்டர்: வோல்டேஜ் கெட்டால் எந்த ஜெனரேட்டரை நாமே சரிசெய்யலாம்?

கண்டன்சர் (கெப்பாசிட்டர்) வகை ஜெனரேட்டரை விட்டுவிட்டு ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் எலக்ட்ரானிக் பாகம்) வகைக்கு நான் மாறியதற்குக் காரணம் சத்தமோ எடையோ பெட்ரோல் செலவோ இல்லை. வோல்டேஜ் கெட்டுப்போனால் கோளாறு எந்தப் பாகத்தில் என்று ஒரு மல்டிமீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம், அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதுதான் காரணம். இன்ஜின் கிளம்பவில்லை என்றால் பைக் மெக்கானிக்கேகூட பார்த்துவிடுவார். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, ஆனால் பிளக்கில் 4 வோல்ட்தான் வருகிறது, அல்லது 290 வருகிறது என்றால் பார்க்க ஆள் கிடைப்பது கடினம். அதனால் மூன்று வகைகளையும் இந்தக் கோணத்தில்தான் முக்கியமாகப் பார்க்கப்போகிறேன்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்ததே. இன்வெர்ட்டர் வகையில் (வீட்டுப் பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை, கரண்டை எலக்ட்ரானிக் முறையில் சீராக்கித் தரும் ஜெனரேட்டர்) சத்தம் குறைவு, தூக்குவது எளிது, லோடு குறைந்தால் இன்ஜின் வேகமும் குறைவதால் எரிபொருள் மிச்சம். கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு அதன் கரண்ட்தான் மிகச் சுத்தம். கண்டன்சர் வகை அமைப்பில் எளிது, பொதுவாக மலிவு. ஏவிஆர் இரண்டுக்கும் நடுவில்.

எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஹெர்ட்ஸை (ஏசி கரண்டின் அலை நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்பதை) பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கான சாதாரண ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் இரண்டு காந்தத் துருவம் கொண்டவை. 50 ஹெர்ட்ஸ் வர ரோட்டர் (உள்ளே சுற்றும் பாகம்) நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும், 60 ஹெர்ட்ஸுக்கு 3600. லோடு ஏறும்போது வேகம் சற்று இறங்கும் என்பதால், லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும்படி கவர்னரை (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வைத்திருப்பார்கள். வோல்டேஜும் குறைவு, ஹெர்ட்ஸும் குறைவு என்றால் இன்ஜின் பக்கம்தான் கோளாறு: கவர்னர் ஸ்பிரிங், அடைத்த கார்புரேட்டர் ஜெட், அழுக்கேறிய ஏர் ஃபில்டர். ஹெர்ட்ஸ் சரியாக இருந்து வோல்டேஜ் மட்டும் தப்பாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டர் (கரண்டை உண்டாக்கும் பகுதி) பக்கம் போக வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல ஏவிஆரைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய.

இன்னொன்று. பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்திருக்க மாட்டார்கள். அப்போது ஒரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் பாதி வோல்டேஜோ, பொருளில்லாத ஏதோ ஓர் எண்ணோ காட்டும். அது கோளாறு இல்லை. சாக்கெட்டின் இரண்டு கரண்ட் முனைகளுக்கு நடுவே வருவதுதான் உண்மையான அளவு. மீட்டர் ட்ரூ ஆர்எம்எஸ் வகையாக இருப்பது நல்லது. இந்த ஜெனரேட்டர்களின் அலைவடிவம் கோணலாக இருப்பதால் மற்ற மீட்டர்கள் கொஞ்சம் ஏமாற்றும். சோதனை முழுவதையும் வீட்டு வயரிங்கைப் பிரித்துவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

சரி, கண்டன்சர் வகை. இதில் பிரஷ் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) இல்லை. ஸ்டேட்டரில் (சுற்றாமல் நிற்கும் பாகம்) தனியாக ஒரு கம்பிச் சுற்று (காயில்), அதோடு ஒரு கண்டன்சர், ரோட்டரில் டையோடுகள் (கரண்டை ஒரே திசையில் விடுபவை), அவ்வளவுதான். தேய்கிற பாகம் இல்லாததால் வருடக்கணக்காகத் தொந்தரவில்லாமல் ஓடும். அந்தப் பெருமையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வோல்டேஜைத் திருத்திக்கொள்ள இதில் எதுவும் இல்லை. கண்டன்சரின் அளவும் இன்ஜின் வேகமும் சேர்ந்து எதைத் தருகிறதோ அதுதான் வெளியே வரும். கண்டன்சர் வயதாகி மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு) குறையக் குறைய வோல்டேஜும் இறங்கும். உடனே பலர் கவர்னர் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டுவார்கள். வோல்டேஜ் ஏறும், கூடவே ஹெர்ட்ஸும் ஏறிவிடும். யுபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்றுக்கொள்ள மறுக்கும், மோட்டார்கள் வேண்டாத வேகத்தில் சுற்றும்.

கண்டன்சர்தான் போயிருக்கிறது என்றால் வேலை சுலபம். இன்ஜினை நிறுத்தி, ஒரு ரெசிஸ்டரை வைத்து கண்டன்சரில் தங்கிய சார்ஜை இறக்கிவிட்டு அளக்க வேண்டும். மேலே அச்சிட்டிருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல் உள்ளதைப் போட்டால் தீர்ந்தது. கண்டன்சர் நன்றாக இருந்து வோல்டேஜ் வரவில்லை என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அடுத்த சந்தேகம் ரோட்டரில் இருக்கும் டையோடு. அது ரோட்டர் சுற்றோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும். அதன் ஒரு முனையைப் பிரிக்காமல் அளந்தால் சுற்றின் ரெசிஸ்டன்ஸ்தான் தெரியும், டையோடின் நிலை தெரியாது. பல மாடல்களில் அங்கே கை போகவே ஸ்டேட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். ரோட்டரையும் எடுக்க வேண்டுமென்றால், அது கூம்பு வடிவத் தண்டில் இறுகிப் பிடித்திருக்கும், அதற்கென்று ஒரு போல்ட் வேண்டும், சுத்தியலால் தட்டினால் தண்டு கெடும். பட்டறை இல்லாதவருக்கு இது நடக்கிற காரியமில்லை.

ஏவிஆர் வகையில் இந்த இடம்தான் திறந்து கிடக்கிறது. ரோட்டர் சுற்றின் இரண்டு முனைகளும் இரண்டு ஸ்லிப் ரிங்குகளாக (தண்டோடு சுற்றும் உலோக வளையங்கள்) வெளியே வந்துவிடுகின்றன, அவற்றின் மேல் இரண்டு கார்பன் பிரஷ் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்க மூடியில் இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் பிரஷ், ரிங், ஏவிஆர் எல்லாம் கண் முன்னால். எதையும் உருவி எடுக்காமலே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். என்னைப் பொறுத்தவரை முடிவு இங்கேயே ஆகிவிட்டது.

வெளியே 2 முதல் 5 வோல்ட் வரை மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ரோட்டர் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தத்தால் வருவது, அதாவது ரோட்டருக்குக் கரண்ட் போகவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு முதலில் பிரஷ்களைப் பாருங்கள். தேய்ந்து குட்டையாகிவிட்டதா, கூட்டுக்குள் சிக்கிக்கொண்டதா, ரிங்கின் நடுவில் உட்காருகிறதா? ஓட்டாமல் நாட்கணக்கில் வைத்தால் ரிங்கில் கறுப்புப் படலம் படியும். நைஸான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டால் போதும். பல நேரம் கோளாறு இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் பிரஷ் வயர்களைப் பிரித்துவிட்டு இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே ஓம் அளவிடுங்கள். சிறிய ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் சில பத்து ஓம்கள் காட்டும், சரியான எண் அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் கம்பி அறுந்திருக்கிறது. ரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே தொடர்பு காட்டினால் காயில் கம்பி இரும்பைத் தொட்டுவிட்டது. இந்த இரண்டில் எது என்றாலும் செலவு பெரிது, ஏவிஆர் வாங்கிப் பயனில்லை.

ரோட்டர் நல்லது என்று தெரிந்தால் அடுத்தது 12 வோல்ட் பேட்டரிச் சோதனை. ஏவிஆரின் வயர்களை முழுவதும் பிரித்துவிட வேண்டும், இது கட்டாயம். லோடு எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரியின் பிளஸ், மைனஸை பிரஷ் முனைகளில் பழைய வயர்கள் இருந்த அதே திசையில் கொடுத்து, இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டி, சாக்கெட்டில் அளவிடுங்கள். சுற்றுகிற பாகங்களிலிருந்து கை தள்ளியே இருக்கட்டும். வோல்டேஜ் 4, 5 என்ற நிலையிலிருந்து பத்துக் கணக்கில் குதித்து அங்கேயே ஆடாமல் நின்றால் பிரஷ், ரோட்டர், மெயின் வைண்டிங் எல்லாம் வேலை செய்கின்றன. அப்படியும் ஏறவில்லை என்றால் ஸ்டேட்டர் பக்கம் சந்தேகப்படலாம். ஏறியிருந்தால் இன்ஜினை நிறுத்தி, பேட்டரியை எடுத்துவிட்டு, ஏவிஆரை மீண்டும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். இப்போது முழு வோல்டேஜ் வந்தால் காந்தம் மட்டும்தான் இறங்கிப் போயிருந்தது, பேட்டரி அதைத் திரும்பக் கொடுத்துவிட்டது. வரவில்லை என்றால் ஏவிஆர்தான். அதற்குக் கரண்ட் கொடுக்கும் சிறிய சுற்று அறுந்திருக்கிறதா என்று மட்டும் ஓம் வைத்துப் பார்த்துவிட்டு, புதியது வாங்குங்கள்.

வோல்டேஜ் அதிகமாக வருவது இதைவிட ஆபத்து. 230 வர வேண்டிய இடத்தில் 280, 300 என்று போனால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஏவிஆர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது வோல்டேஜை உணரும் வயர் கழன்றிருக்கும். விளக்கு துடித்துத் துடித்து எரிந்தால் ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பாருங்கள்: அதுவும் ஆடினால் கார்புரேட்டர், அது ஆடாமல் வோல்டேஜ் மட்டும் ஆடினால் பிரஷ் அல்லது ஏவிஆர்.

கண்டன்சர் வகையோடு ஒப்பிட்டால் ஏவிஆர் வகையில் கெடக்கூடிய பாகங்கள் அதிகம், அதை மறைக்க முடியாது. பிரஷ் தேயும், ஏவிஆர் சூட்டிலும் அதிர்விலும் போகும். ஆனால் கெடுவது பெரும்பாலும் மூடிக்கு அடியிலேயே இருக்கிற, கையால் மாற்றக்கூடிய பாகம். அடிக்கடி கெடுவதைவிட, கெட்டதைத் திறக்க முடியாததுதான் எனக்குப் பெரிய குறை.

இன்வெர்ட்டர் வகையை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, தெரிந்தவர்களுடையதைத்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் குறைத்தே எடைபோடுங்கள். இதில் நிலைக்காந்தம் சுற்றி மூன்று வயரில் ஏசி வருகிறது. அதை டிசி ஆக்கி, மறுபடி ஒழுங்கான ஏசியாக மாற்றுவது எலக்ட்ரானிக் மாட்யூல். ஹெர்ட்ஸை அதுதான் தீர்மானிப்பதால் மேலே சொன்ன வேகச் சோதனை இங்கே பயன்படாது. ஓவர்லோடு விளக்கு எரிந்தால் எல்லா லோடையும் எடுத்து, இன்ஜினை நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பாருங்கள். பாதுகாப்புக்காக அது தானே கரண்டை நிறுத்தியிருக்கலாம். அப்படியும் வரவில்லை என்றால் மூன்று வயர்களையும் மாட்யூலிலிருந்து பிரித்து, எதையும் தொடாமல் தனித்தனியாக வைத்து, இன்ஜினை ஓட்டி, இரண்டிரண்டாக ஏசி வோல்டேஜை அளக்க வேண்டும். மூன்று அளவும் சமமாக இருந்தால் காயில் நல்லது, மாட்யூல் போய்விட்டது. சோதனை என்னவோ எளிதுதான், அதற்கு அப்புறம்தான் வழியில்லை. மாட்யூலை முழுவதும் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், உள்ளே ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியாது. வேறு மாடலின் மாட்யூல் அந்தக் காயிலோடு பெரும்பாலும் சேராது. அந்த மாடல் நின்றுபோனால் நல்ல இன்ஜினும் சேர்ந்து வீண். பிசினைச் சுரண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம், உள்ளே சில நூறு வோல்ட் டிசி தங்கியிருக்கும்.

இரவில் அமைதி வேண்டும், சுவாசக் கருவி போன்ற மென்மையான சாதனத்தை ஓட்ட வேண்டும் என்றால் நானும் இன்வெர்ட்டரையே சொல்வேன். அது வாங்கும்போது மாட்யூல் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். விளக்கு, மின்விசிறி, கைக்கருவி மட்டும்தான் என்றால் கண்டன்சர் வகையும் போதும்.

பம்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட்டுகிற வீட்டுக்கு ஏவிஆர். அதை எடுத்தால், ஜெனரேட்டர் நன்றாக இருக்கும்போதே ஒரு ஜோடி பிரஷும் ஓர் ஏவிஆரும் வாங்கி வைத்துவிடுங்கள். பழைய ஏவிஆரைப் படம் எடுத்துக்கொண்டு நான்கைப் பொருத்திப் பாருங்கள்: எத்தனை வயர், எந்தப் பிளக், திருகு ஓட்டைகளின் இடைவெளி, அதில் இருக்கும் பெரிய கண்டன்சரின் வோல்ட். இந்தக் கடைசி எண்ணைத்தான் பலர் பார்ப்பதில்லை. 250 வோல்ட் கண்டன்சர் உள்ள ஏவிஆரும் 400 வோல்ட் உள்ளதும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். 400 இருந்த இடத்தில் 250 உள்ளதைப் போடக் கூடாது.