‘பார்க்கிங் இருக்கு’ என்ற ஒரு வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

புறநகரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், அதுவும் சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பதினொரு மாதம் நான் பட்ட அவஸ்தை இது.

வீடு பார்க்கப் போனது ஒரு வேலைநாள், காலை பதினொரு மணி. தெரு காலியாக இருந்தது. கீழ்த்தளத்தில் தூண்களுக்கு நடுவே விசாலமான இடம், ஒரு வண்டிகூட இல்லை. “கார் நிறுத்த இடம் இருக்கா?” என்று கேட்டேன். “தாராளமா இருக்கு தம்பி” என்றார் வீட்டுக்காரர். தரகர் ஒரு படி மேலே போய், “ரெண்டு கார்கூட நிறுத்தலாம் சார்” என்றார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு கார் நிறுத்தலாம்தான். ஒன்றன் பின்னால் ஒன்றாக. அதில் ஒன்று என்னுடையது இல்லை.

குடி போன அன்று சாயங்காலம் ஏழரை மணிக்குக் காரைக் கொண்டுவந்தால், உள்ளே சுவரை ஒட்டி ஒரு பெரிய கார் நிற்கிறது. கீழ்வீட்டுக்காரருடையது. எனக்கு மிச்சம் இருந்தது கேட்டுக்கும் அந்தக் காருக்கும் நடுவில் இருந்த இடம். சரி, பரவாயில்லை என்று ரிவர்ஸ் எடுத்து உள்ளே விட்டேன். கதவைத் திறந்தால் ‘ணங்’ என்று தூணில் இடித்தது. மறுபக்கம் சுவர். கடைசியில் டிக்கி வழியாகத் தவழ்ந்துதான் இறங்கினேன். மனைவி வாசலில் நின்று சிரித்தாள். ஒரு வாரம் கழித்து அவளும் சிரிக்கவில்லை.

மறுநாள் டேப் வைத்து அளந்தேன். தூணுக்கும் சுவருக்கும் நடுவே 2.15 மீட்டர். என் காரின் அகலம் கண்ணாடிகளை மடக்கினால் 1.73 மீட்டர். மிச்சம் 42 சென்டிமீட்டர். சுவரை உரசிக்கொண்டு ஒரே பக்கமாக ஒதுக்கி நிறுத்தினாலும் அந்த 42 சென்டிமீட்டரில் கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்க முடியாது. அதற்கு எப்படியும் 55, 60 வேண்டும். பல ஊர்களின் கட்டட விதிகளில் ஒரு காருக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று கணக்கு வைத்திருப்பது சும்மா இல்லை. பக்கத்தில் சுவரோ தூணோ இருந்தால் அதற்கும் மேல் வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் அட்வான்ஸ் கொடுத்த பிறகு கற்றுக்கொண்டேன்.

அப்புறம் தொடங்கியது காலை நேரத்துக் காலிங்பெல். கீழ்வீட்டுக்காரருக்கு ஐந்தரை மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவர் வண்டி உள்ளே, என் வண்டி வெளியே. “சார், கொஞ்சம் வண்டிய எடுக்கிறீங்களா?” முதல் வாரம் கெஞ்சலாக. மூன்றாவது வாரம் வெறும் பெல் மட்டும், நீளமாக. ஒருநாள் இரண்டு பேரும் படியில் நின்று கத்திக்கொண்டோம். கத்தி முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதரிடமும் வீட்டுக்காரர் “முழு இடமும் உங்களுக்குத்தான்” என்று சொல்லியிருக்கிறார். ஒரே இடத்தை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு அவர் வேறு தெருவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

போய்க் கேட்டோம். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “பார்க்கிங் இருக்குன்னுதானே சொன்னேன். உங்களுக்குன்னு தனியா சொல்லலையே.” ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ‘வாகனம் நிறுத்தும் வசதி உண்டு’ என்று ஒரே வரி. எந்த இடம், எத்தனை வண்டி, யாருக்கு, எதுவும் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

தெருவில் நிறுத்திப் பார்த்தேன். பகலில் காலியாகத் தெரிந்த அதே தெரு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு சைக்கிள் நிறுத்த இடமில்லாமல் நிறைந்துவிடும். சிலர் தங்கள் வீட்டு முன்னால் பூந்தொட்டியும் கல்லும் வைத்து இடம் பிடிப்பார்கள். தெரு பொதுவானது என்று சொல்லிப் பாருங்கள், மறுநாள் காலையில் டயரில் காற்று இருக்காது. தெரு முனையில் நிறுத்தினேன், குப்பை லாரி திரும்பும்போது பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. அதில் லாரிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். முனையில் நிறுத்தினால் பெரிய வண்டி வேறு எப்படித்தான் திரும்பும்?

கடைசியாகக் கிடைத்தது தெருக்கோடி மரத்தடி. பறவை எச்சத்தை வெயிலில் இரண்டு நாள் காயவிட்டால் பெயிண்டில் தழும்பு விழும். என் பானெட்டில் அப்படி நான்கைந்து தழும்புகள் இருக்கின்றன. இடம் போய்விடுமே என்ற பயத்தில் காரை எடுக்காமலே மூன்று வாரம் விட்டதில் பேட்டரி உட்கார்ந்துவிட்டது. பானெட்டைத் திறந்தால் எலி வயரைக் கடித்து வைத்திருக்கிறது. கார் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனவன் நானாகத்தான் இருப்பேன்.

எனவே, வீடு பிடித்திருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் இன்னொரு தடவை போங்கள். உங்கள் காரிலேயே போங்கள். சொல்லும் இடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, கேட்டைச் சாத்திப் பாருங்கள். கேட் சாத்தவில்லை என்றால் அது பார்க்கிங் இல்லை. வாசல் மேட்டில் ஏறும்போது அடியில் உரசுகிறதா என்று கவனியுங்கள். தனியாகப் போனால் உரசாது, நான்கு பேர் ஏறினால் உரசும். கீழே நிற்கிற மற்ற வண்டிகள் யாருடையவை, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அங்கே குடியிருக்கிறவர்களிடமே விசாரியுங்கள், தரகரிடம் வேண்டாம். ஒப்பந்தத்தில் இடத்தின் எண்ணும் அளவும் வரட்டும். எண் இல்லையென்றால் ஒரு சின்னப் படம் வரைந்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். “அதெல்லாம் எதுக்கு தம்பி, நம்பிக்கைதானே” என்று ஆரம்பித்தால் வேறு வீடு பாருங்கள்.

காலி செய்யும்போது ஒரு வேடிக்கை நடந்தது. அட்வான்ஸில் வீட்டுக்காரர் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். காரணம், கீழ்த்தளத் தூணில் சிவப்புக் கறை இருக்கிறதாம், வெள்ளையடிக்க வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, என் கார் கதவின் பெயிண்ட்.