சீல்டா, போர்ட்டடா? நெல்லைப் பக்கத்து டிக்கிக்கு எந்த பாக்ஸ்

வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு கார் டெக்கர் கடையில் நுழைந்து சப்வூஃபர், அதாவது பேஸ் என்னும் அடி நாதத்துக்கான ஸ்பீக்கர், வேண்டும் என்று சொன்னால், முதல் கேள்வி "பத்து இஞ்சா, பன்னெண்டு இஞ்சா அண்ணாச்சி?" என்று வரும். அடுத்தது, எந்த பிராண்டு. பாக்ஸைப் பற்றிப் பேச்சே எழாது. கடையில் ரெடிமேடாக எது கிடக்கிறதோ அதில் ஸ்பீக்கரைப் பூட்டித் தந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நடுத்தர விலையில் கிடைக்கும் இரண்டு பிராண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டால் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஒரே ஸ்பீக்கரை இரண்டு விதமான பாக்ஸில் போட்டுக் கேட்டால் தெரிவது ரொம்பப் பெரிது.

முதலில் சீல்டு. நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி. ஸ்பீக்கரின் முகத்தில் அதிரும் கோன் உள்ளே போகும்போது அடைபட்ட காற்று அமுங்கி, அதைத் திருப்பித் தள்ளும். 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் ஏஆர்-1 என்னும் வீட்டு ஸ்பீக்கரில் கொண்டுவந்த அதே சங்கதிதான் இன்றும் நம் டிக்கியில் ஓடுகிறது. இதன் குறை, ஓர் அளவுக்குக் கீழே சுருதி இறங்க இறங்க, ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் சத்தம் குறைந்துகொண்டே போகும். ஆனால் காருக்குள் இந்தக் குறையைக் கார் தானாகவே சரிக்கட்டிவிடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அது எந்த ஸ்விஃப்ட்டுக்குள்ளும் அடங்காது. அலை காரை விட நீளமாகிவிட்டால், கேபின் முழுக்க ஒரே அழுத்த அறையாகி பேஸைத் தூக்கிக் கொடுக்கும். கணக்குப்படி இதுவும் ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான். கண்ணாடியும் தகரமும் அதிர்ந்து, இடுக்குகளில் கசிந்து, நடைமுறையில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். ஆனாலும் சின்ன சீல்டு பெட்டி ஒன்று காருக்குள் எதிர்பாராத ஆழத்துக்கு இறங்குவதற்கு இதுதான் காரணம்.

போர்ட்டட் வேறு ஜாதி. பெட்டியில் காற்று போய்வர ஒரு பைப் வைத்திருக்கும். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். குடத்தின் வாயில் மட்டையால் தட்டும்போது எழும் 'பும்', குடத்துக்குள் இருக்கும் காற்று போடும் சத்தம். குடம் பெரிதானால் சுருதி இறங்கும், வாய் அகன்றால் ஏறும். போர்ட்டட் பாக்ஸில் பெட்டிதான் குடம், பைப்தான் வாய். எந்த சுருதிக்கு ட்யூன் செய்கிறோமோ அந்த இடத்தில் கோன் ஏறக்குறைய சும்மா இருக்கும், பைப்தான் பாடும். அந்தப் பக்கத்தில் சீல்டை விட 3 டெசிபல் போலக் கூடுதலாகக் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரின், அதாவது ஆம்ப்பின், வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைக்கிற லாபம் அது. கொடை விழா ராத்திரியில் சவுண்ட் சர்வீஸ் பாக்ஸ் நெஞ்சில் இடிக்குமே, அதைக் காருக்குள் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் கடைக்காரர்கள் கை காட்டுவார்கள். தப்பில்லை.

ஆனால் ட்யூனிங்குக்குக் கீழே போனால் ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று மடமடவென விழும். அதோடு கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லாததால், அது இஷ்டத்துக்கு வெளியே துள்ளும். மிகக் கீழ் சுருதிகளை வெட்டிவிடும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாத ஆம்ப்பில் போர்ட்டட் பாக்ஸ் போடுவது ஸ்பீக்கரைத் தெரிந்தே கொல்வதுதான்.

இன்னொரு சங்கதி, போர்ட்டட் கணக்கு கேட்கும். சீல்டில் இரண்டு லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. போர்ட்டட்டில் அப்படி இல்லை. 50 லிட்டர் பெட்டி, உள்விட்டம் 10 செ.மீ. உள்ள ஒரு பிவிசி பைப், ட்யூனிங் 35 ஹெர்ட்ஸ் என்றால், பைப்பின் நீளம் சுமார் 31 செ.மீ. வேண்டும். இடம் இல்லை என்று அதே பைப்பை 15 செ.மீ.க்கு நறுக்கிவிட்டால் ட்யூனிங் 46 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பேஸ் கிட்டாரின் கனத்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதாவது பாட்டின் அடி நாதமே ட்யூனிங்குக்குக் கீழே போய்விடும். மேலே ஒரே ஒரு 'டம்' மட்டும் மிஞ்சும். ஊருக்குள் எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே மாதிரி இடிக்கிற கார்கள் அநேகமாக இந்தக் கேஸ்தான்.

எந்த ஸ்பீக்கருக்கு எது என்று பார்க்க, டப்பாவோடு வரும் தாளில் இரண்டு எண்கள் போதும்: எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் சுருதி), க்யூஇஎஸ் (அந்த அதிர்வைக் காந்தமும் காயிலும் எவ்வளவு அடக்கும் என்பதற்கான எண்). நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் ஆஸ்திரேலியாவில் இருந்து வகுத்துக் கொடுத்த அளவுகள் இவை. முன்னதைப் பின்னதால் வகுங்கள். 50க்குக் கீழே வந்தால் சீல்டு, 100 பக்கம் வந்தால் போர்ட்டட், நடுவில் நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். எஃப்எஸ் 30, க்யூஇஎஸ் 0.5 என்றால் 60. இதைச் சீல்டில் போடவே நான் சொல்வேன்.

பாட்டைப் பொறுத்தும் முடிவு மாறும். உறுமி இழைந்து இறங்குவதும், தவிலில் தொப்பிப் பக்கம் தட்டித் தட்டி வருவதும் சீல்டில் தனித்தனியாகக் கேட்கும். குத்துப் பாட்டும் இன்றைய கம்ப்யூட்டர் பேஸும் மட்டும்தான் கேட்பேன் என்பவருக்கு, ஒழுங்காகக் கணக்குப் போட்ட போர்ட்டட் கூடுதல் சுகம். நான் சீல்டு கட்சி. நல்ல போர்ட்டட் பாக்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கம் அதைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

பேஸ் ட்யூபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருளையாக, பெல்ட் போட்டுக் கட்டி, அரை மணி நேரத்தில் வேலை முடியும். அதுவும் ஒரு போர்ட்டட் பாக்ஸ்தான், உங்கள் ஸ்பீக்கருக்கென்று யாரும் கணக்குப் போடாத பாக்ஸ். விலை குறைவு என்பது மட்டும் உண்மை.

சீட்டுக்கடியில் போகும் ஆக்டிவ் சப்வூஃபரைப் பலர் கேலி செய்கிறார்கள், அது நியாயமில்லை. ஜேபிஎல் பேஸ்ப்ரோ எஸ்எல் மாதிரி ஒன்று 8 இஞ்ச், 125 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி), ஆம்ப்பும் அதற்குள்ளேயே. நெஞ்சில் இடிக்காது. ஆனால் கதவு ஸ்பீக்கர்கள் விடுகிற பள்ளத்தை நிரப்பும். சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்ட வண்டிக்கு வேறு வழியும் இல்லை.

இடம்தான் நம் ஊரில் பெரிய வழக்கு. டிக்கி என்பது குற்றால சீசனுக்கு மாற்றுத்துணிப் பை போகும் இடம், களக்காட்டிலிருந்து வாழைத்தார் வரும் இடம், சொந்த வயல் அரிசி மூட்டை ஏறும் இடம். 2018 மாடல் ஸ்விஃப்ட்டின் டிக்கி 268 லிட்டர். சாதாரண 10 இஞ்ச் ஸ்பீக்கருக்கு 20 லிட்டர் சீல்டு போதும். பலகை, ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து வெளி அளவு 32 லிட்டர் போல வரும், டிக்கியில் எட்டில் ஒரு பங்கு. 50 லிட்டர் போர்ட்டட் என்றால் வெளி அளவு 70 லிட்டர், கால் டிக்கி காலி. வீட்டில் யார் முதலில் சண்டைக்கு வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டாம். 12 இஞ்சுக்குப் போனால் கோன் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், பெட்டியும் அதற்கேற்ப ஊதும். ஐந்து பேர் ஏறும் ஹேட்ச்பேக்கில் அதற்கு அவசியம் இல்லை.

டிசையர் மாதிரி செடானில் டிக்கி பெரிது, ஆனால் பின் சீட்டும் அதன் பின்னால் உள்ள தட்டும் நடுவில் சுவராக நின்று பேஸைத் தடுக்கும். ஹேட்ச்பேக்கில் அந்தத் தடை இல்லை. ஸ்பீக்கர் முகத்தைப் பின்கதவு பக்கம் திருப்பி வைத்தால் பெரும்பாலும் நன்றாக வரும். ஆகவே செடான்காரர்கள் 12 இஞ்சையோ போர்ட்டட்டையோ யோசிப்பதில் நியாயம் உண்டு.

பலகைக்கு வருவோம். உலகம் முழுக்க எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்பார்கள்: கனம், விலை குறைவு, வெட்டினால் விளிம்பு சுத்தமாக வரும். சத்தத்தைப் பொறுத்தவரை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஊதியது திரும்ப இறங்காது. 2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள் வந்தது. வெள்ளம் வராத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் குடை, ஈரப் பாய் எல்லாம் டிக்கியில்தான் கிடக்கும். அதனால் 18 மி.மீ. பிளைவுட், அதிலும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் ரகம், இந்த ஊருக்குப் பொருத்தம். விலை கூடும்தான், பெட்டிக்குத் தேவைப்படும் பலகை கொஞ்சம் என்பதால் தாங்கலாம். ஃபைபர் கிளாஸில் டிக்கி மூலையின் வளைவுக்கு ஏற்ப வார்த்துச் செய்தால் இடம் மிச்சமாகும், அழகும்கூட. அதைச் சரியாகச் செய்கிற கை கிடைப்பதுதான் பாடு.

கரண்ட் விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும். 500 வாட் ஆர்எம்எஸ் கொடுக்கும் கிளாஸ்-டி ஆம்ப், முழு வேகத்தில் சுமார் 45 ஆம்ப்பியர் இழுக்கும். அதற்கு 4 கேஜ் செம்பு ஒயர் வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரை அதே விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், நுனியைச் சுரண்டிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் 1500 வாட், 2000 வாட் எல்லாம் பீக், அதாவது ஒரு நொடி உச்சத்தின் கணக்கு. ஆர்எம்எஸ் எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள்.

ஆக, ஹேட்ச்பேக்கும் குடும்பமும் இருப்பவருக்கு 10 இஞ்ச், சீல்டு, மெரைன் பிளைவுட். நாங்குநேரி, வள்ளியூர் என்று நாலுவழிச் சாலையில் தனியே ஓடுகிற, செடான் வைத்திருக்கிற இளந்தாரிக்கு 35 ஹெர்ட்ஸ் ட்யூனிங்கில் போர்ட்டட். டிக்கியில் இடமே இல்லாதவருக்கு சீட்டுக்கடி ஆக்டிவ்.

பெட்டியைக் கடையில் வாங்காமல் தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள். "உள்ளளவு 36, 30, 20 செ.மீ. அண்ணாச்சி" என்று சொன்னால் போதும், பலகைக் கனத்தைக் கூட்டி வெட்டுவதை அவர் பார்த்துக்கொள்வார். மூட்டுகளில் ஃபெவிகாலோடு ஸ்க்ரூவும் போடச் சொல்லி, உள்பக்கம் சிலிகான் ஓட்டச் சொல்லுங்கள். சிலிகான் காய ஒரு நாள் விடுங்கள். அப்புறம் ஸ்பீக்கரைப் பூட்டி, போனில் 30 ஹெர்ட்ஸ் டோனைச் சன்னமாக ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து மூட்டு மூட்டாகக் காட்டுங்கள். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே ஓட்டை. அடைத்த பிறகு ஆசாரிக்குக் காசைக் கொடுங்கள்.