ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்ற கார்டு: ரிச்சி தெருவில் நாங்கள் ஏமாந்த கதை

குறைந்த செலவில் கேமிங் கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர்களும், பிள்ளைகளுக்கு அதை வாங்கித் தரப் போகும் பெரியவர்களும், பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2023 மே மாதம், கணினி உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் என் அக்கா மகனுக்காக வாங்கிய கணினியில், இருப்பதிலேயே விலை கூடிய பொருளான கிராபிக்ஸ் கார்டு (ஆட்டத்தின் படத்தைத் திரைக்காக உருவாக்கும் பலகை) சொன்ன பொருளாக இல்லை. அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸோ வீட்டுக்குள் வைத்திருக்கவே தகுதியற்றதாக இருந்தது. கடையின் பெயரை எழுதவில்லை. அந்தத் தெருவில் நாணயமாக வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். மறுமுறை அவர்களில் ஒருவரிடம்தான் வாங்கினோம். ஆனால் எங்களை ஏமாற்றப் பயன்பட்ட வார்த்தைகளைப் பிறகு வேறு கடைகளிலும் கேட்டேன். ஆகவே அவற்றை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறேன்.

மருமகன் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்திருந்தான். இரண்டு முகூர்த்த சீசன்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறி 18,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். நான் 20,000 போட்டேன். மானிட்டர் வீட்டில் இருந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து அவனே பட்டியல் போட்டான்: ஐ3-12100எஃப் ப்ராசஸர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு, நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ். நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்ட அந்த ப்ராசஸர் இந்தத் தொகைக்கு மிகச் சரியான தேர்வு என்று இன்றும் சொல்வேன். அவனுடைய பட்டியலில் குறை அதிகம் இல்லை. கடை மேஜையில் அது ஒவ்வொரு வரியாக மாறியதுதான் பிரச்சினை.

விழுப்புரத்திலிருந்து ரயிலில் எழும்பூர் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் போய் இறங்கினோம். கடைக்காரர் பட்டியலைப் பார்க்கும் முன்பே வாசலில் அடுக்கியிருந்த "ஐ7 கேமிங் பிசி" ஒன்றைக் காட்டினார். என்ன மாடல் என்று மருமகன் கேட்டான். ஐ7-2600 என்றார். 2011-இல் வந்த ப்ராசஸர் அது. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு அதில் கிடையாது, அதைக் கேட்கும் புதிய ஆட்டங்கள் திறக்கவே திறக்காது; விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலிலும் அது இல்லை. ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து மயங்காமல் பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்தத் தெளிவைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது. இனி நம்மை ஏமாற்ற முடியாது என்று நான் நினைத்துக்கொண்ட இடமும் அதுதான்.

கார்டுக்கு வந்தபோது, "சார், இது புதுசு, இம்போர்ட் ஆகி வந்தது, கம்பெனி வாரண்டி கிடையாது, ஆனா ஒரு வருஷம் நான் தர்றேன்" என்று 11,500 சொன்னார். பெட்டி சீல் போட்டுத்தான் இருந்தது. பெட்டியின் மேல் ஆர்எக்ஸ் 580 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் பற்றிக் கேட்டதற்கு, "கேபினெட்டோட 500 வாட் வருது, தனியா எதுக்குச் செலவு பண்றீங்க" என்றார். கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து 4,200, மொத்தம் 36,800. பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும் சார், உங்க இஷ்டம்" என்றார். கணக்குப் போட்டால் 6,624 ரூபாய் கூடுதல். எங்கள் கையில் இருந்தது 38,000. துண்டுச் சீட்டில் எழுதிய எஸ்டிமேட்டையே வாங்கிக்கொண்டு, அவர் காட்டிய தனிநபர் கணக்குக்கு யுபிஐயில் பணம் அனுப்பினேன். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரிகளும் உள்ளடங்கியது என்பதும், ப்ராசஸர் பெட்டியிலும் மதர்போர்டு பெட்டியிலும் அந்த விலை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில், அப்போது கேட்கத் தோன்றவில்லை.

முதல் நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாளிலிருந்து ஜிடிஏ 5 ஆடத் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் திரை கருத்து, கணினி தானாக அணைந்து மறுபடி எழும். கடைக்குப் போன் செய்தால் ஒருநாள் "விண்டோஸ் மறுபடி போடுங்க" என்றார், ஒருநாள் "டிரைவர் மாத்துங்க" என்றார், ஒருநாள் "வீட்ல வோல்டேஜ் சரியில்ல" என்றார். அவர் சொன்னதையெல்லாம் பொறுப்பாகச் செய்துகொண்டே பதினெட்டு நாள் போக்கினோம். துண்டுச் சீட்டின் அடியில் "டெஸ்டிங் வாரண்டி 15 நாள்" என்று எழுதியிருந்ததை அதன் பிறகுதான் கவனித்தோம். ஒரு வருடம் என்று வாயால் சொன்னது எங்கும் எழுதப்படவில்லை.

ஒரு மாலை லேசாகக் கருகிய வாடை வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினோம். கார்டுக்கு எட்டு முனை மின் இணைப்பு வேண்டும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படியோர் ஒயரே இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்குத் தரும் இரண்டு மோலெக்ஸ் ஒயர்களை ஓர் அடாப்டரில் சேர்த்துக் கார்டில் செருகியிருந்தார்கள். அந்த அடாப்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பு நிறமாகியிருந்தது; மஞ்சள் ஒயரின் மேலுறை சுருங்கிப் பின்வாங்கி, உள்ளே செம்புக் கம்பி ஒரு நகக்கண் அளவுக்கு வெளியே தெரிந்தது. மரப்பலகை மேஜை, பக்கத்தில் பருத்தித் திரைச்சீலை, இரவு இரண்டு மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் பையன். என் அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்து ஸ்டிக்கரைப் படித்தேன். 500 என்பது பெரிய எழுத்தில் மாடல் பெயரின் பகுதியாக இருந்ததே தவிர, அதன் பக்கத்தில் வாட் என்ற சொல்லே இல்லை. கீழே பொடி எழுத்து அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கும் சக்தி பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான் வருகிறது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். ஐ3-12100எஃப்-இன் அடிப்படை அளவே 58 வாட், முழு வேகத்தில் ஓடும் டர்போவில் 89 வரை போகும்; உண்மையான ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட். ஸ்டிக்கரில் இருப்பது முழு உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டையும் சேர்த்துத் தாங்க வழியில்லை. ஆட்டம் தொடங்கிக் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் கணினி அணைந்ததற்குக் காரணம் இதுதான். எனவே எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியின் முகப்பைப் பார்க்காமல் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்ற ஒரே கட்டத்தைப் பாருங்கள். மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றித் தருவதற்கான 80 பிளஸ் சான்று உள்ளதா, கார்டுக்கான ஆறு அல்லது எட்டு முனை ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வருகிறதா என்பதையும் கேளுங்கள். கேபினெட்டோடு இலவசம்போல வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மாட்டவே கூடாது.

கார்டைப் பற்றிய சந்தேகம் அதன் பிறகுதான் வந்தது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஷேடர் எண்ணிக்கை, அதாவது கார்டுக்குள் படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகளின் எண்ணிக்கை, 2048 என்று வந்தது. 2017 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 580-இல் இருப்பது 2304. சீனச் சந்தைக்கென்று 2018-இல் "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி" என்று ஒரு கார்டு வந்தது. பெயர் 580, உள்ளே ஆர்எக்ஸ் 570-இல் இருக்கும் அதே 2048 ஷேடர்தான். ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. எங்களுக்கு விற்றது இதைத்தான். பெட்டியிலும் சரி, சீட்டிலும் சரி, 2048 என்ற எண் எங்குமே இல்லை.

இது புதியதும் அல்ல. விசிறியைக் கழற்ற முயன்றபோது திருகுகளின் தலை ஏற்கெனவே தேய்ந்து வழுக்கியது. மெமரி சில்லுகளின் மேல் ஒட்டியிருந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து பலகையில் பளபளவென்று படிந்திருந்தது. மின்சாரம் சீராக்கும் பகுதியின் பின்புறம் பலகையின் நிறமே மாறியிருந்தது. சீரியல் எண் ஸ்டிக்கர் கிழிக்கப்பட்ட பசைத் தடம் மட்டும் இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு கிராபிக்ஸ் கார்டு வைத்து அதைத் தோண்டும் தொழில் முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் அப்போது மொத்தமாக விற்பனைக்கு வந்தன. அவற்றைத் துடைத்து, புது விசிறி மாட்டி, புதுப் பெட்டியில் போட்டு "இம்போர்ட்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கார்டைப் பழையது என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்றால் நான் குறை சொல்ல மாட்டேன். அதுவும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும். புதியது என்று சொன்னதுதான் மோசடி. இதைவிட மோசமான வகையும் உண்டு: 2011 காலத்துக் கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்ட வைப்பார்கள். அந்த வகைப் போலிகளை ஜிபியு-இசட் 2018 முதல் கண்டுபிடித்துச் சொல்கிறது.

ரேம் விஷயத்தில் கடைக்காரரை முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் 16 ஜிபி என்று மட்டும் எழுதினோம், அவர் ஒரே குச்சியாகத் தந்துவிட்டார். இரண்டு 8 ஜிபி என்று எழுதியிருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டு குச்சிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறையில் ஓடி, ஆட்டத்தின் வேகம் கூடியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார்டைக் கழற்றியதும் கணினியில் படமே வரவில்லை. எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசஸரில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது. எஃப் இல்லாத ஐ3-12100-ஐச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால், கார்டு இல்லாத காலத்திலும் பையன் கல்லூரி விண்ணப்பங்களையாவது வீட்டிலிருந்தே அனுப்பியிருப்பான். நண்பர் ஒருவரிடம் பழைய ஜிடி 710 கார்டை இரவல் வாங்கித்தான் அந்த மாதங்களை ஓட்டினோம்.

கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் எடுத்துக்கொண்டு மறுபடி சென்னைக்குப் போனேன். "பேரு 580 தான சார், அதைத்தான நானும் குடுத்தேன்" என்றார். டெஸ்டிங் வாரண்டி முடிந்துவிட்டது என்றார். கடைசியில் 3,000 தருவதாகச் சொன்னார். வாங்காமல் வந்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தபோது பொறுமையாகக் கேட்டு வழி சொன்னார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

என்னிடம் பில் இல்லை. ஆனால் வாங்குவதற்கு முந்தைய நாள் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியல் இருந்தது. அதில் "ஆர்எக்ஸ் 580 8 ஜிபி நியூ" என்று அவரே எழுதியிருந்தார். அதன் படம், யுபிஐ ரசீது, ஜிபியு-இசட் திரை, உருகிய ஒயரின் படம் ஆகியவற்றை இணைத்து, ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன் என்று எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் அவரே அழைத்தார். கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 7,000 கொடுத்தார். மீதி 4,500 போனது போனதுதான். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு பைசாவும் தரவில்லை. முழுத் தொகைக்கும் போராடியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கல்லூரி திறக்கும் நேரத்தில் ஒவ்வொரு விசாரணைக்கும் விடுப்பு எடுக்க என்னால் முடியவில்லை.

அந்த ஜூனிலேயே 80 பிளஸ் பிரான்ஸ் சான்றுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பில்லோடு வாங்கினோம். தீபாவளிச் சமயத்தில் மருமகன் மறுபடி பந்திக்குப் போய்ச் சேர்த்த பணத்தோடு என் போனஸில் கொஞ்சம் சேர்த்து, ஆர்எக்ஸ் 6600 வாங்கப் போனோம். 2021-இல் வந்த கார்டு அது, 132 வாட்தான் கேட்கும். இம்முறை பணம் கொடுக்கும் முன் கடை மேஜையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, கார்டில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அவன் விரல் வைத்துப் படித்தான். அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொன்னான், கடைக்காரரின் கணினியில் மாட்டி ஜிபியு-இசட்டைத் திறந்து அந்தக் கார்டுக்கு உரிய 1792 என்ற ஷேடர் எண்ணிக்கையைப் பார்த்தான். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "எல்லாரும் இப்படிப் பாத்து வாங்குனா எங்களுக்கும் நல்லதுதான் தம்பி" என்றார்.

இம்போர்ட் கார்டு வாங்கி இன்னும் 30 நாள் ஆகாதவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். கணினியை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு மின் ஒயரையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் போனில் பேசாதீர்கள். விலை பேசிய அதே வாட்ஸ்அப் உரையாடலில் படத்தோடு எழுதி அனுப்புங்கள், தேதி பதிவாகிவிடும்.