சாம்பல் என்று சொல்லித்தான் அடித்தேன்

போன வாரம் நண்பன் கேட்டான்: "உங்க ஹால்ல அடிச்சிருக்கியே அந்த லைட் கிரே, அதோட நம்பரை அனுப்புடா. நானும் அதையே அடிச்சிடறேன்." நம்பரை அனுப்ப அரை நிமிடம் போதும். நான் நான்கு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். அந்தச் சுவரோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வெறும் நம்பரை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை.

முதலில் தேர்ந்தெடுத்த கதை. ஷேட் கார்டில் நான்கு சாம்பல்களைக் குறித்து வைத்திருந்தேன். ஒன்றில் லேசாகப் பச்சை தெரிந்தது, ஒன்று மணல் பக்கம் சாய்ந்தது, இன்னொன்றில் ஊதா. மீதி இருந்த ஒன்றுதான் எதிலும் சேராத சுத்தமான சாம்பல் என்று பட்டது. அதையே எடுத்தேன். அது சுத்தமாகத் தெரிந்ததற்குக் காரணம் பக்கத்தில் இருந்த மற்ற மூன்றும்தான். தனியாகச் சுவரில் ஏறியதும் அதன் சுயரூபம் வெளியே வந்தது. நீலம்.

சாம்பல் பெயிண்டில் ஏதாவது ஒரு நிறத்தின் சாயல் அநேகமாக இருக்கத்தான் செய்யும். வெள்ளை அடித்தளத்தில் கறுப்பையும், கூடவே நீலமோ மஞ்சளோ சிவப்போ சில துளிகளையும் விட்டுத்தான் கலக்குகிறார்கள். அந்தக் கறுப்பே கூட வெறும் கறுப்பில்லை. விளக்குக் கரி வகைக் கறுப்பை வெள்ளையில் கலந்தால் தானாகவே கொஞ்சம் நீலம் பக்கம் போகும். இதை முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி இருக்கிறது: கார்டில் அதே வரிசையின் கீழே இருக்கும் அடர்த்தியான ஷேடைப் பாருங்கள். மேலே ஒளிந்திருக்கும் சாயல் கீழே பட்டவர்த்தனமாகத் தெரியும். என் கார்டில் அந்த வரிசையின் கடைசிக் கட்டம் ஏறக்குறைய கடல் நீலம். பெயிண்ட் அடித்து ஆறு மாதம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். எங்கள் ஹால் ஜன்னலில் நேர் வெயில் விழாது. வருவதெல்லாம் வானத்து வெளிச்சம், அது இயல்பிலேயே நீலம் கலந்தது. பகல் முழுக்கப் பிரச்சினை இல்லை. மாலை ஐந்தரைக்கு ஜன்னலை ஒட்டிய மூலையில் ஆரம்பிக்கும். ஆறு மணிக்குள் சுவர் முழுவதும், வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடும்போது கை தவறிக் கூடிப்போன மாதிரி ஆகிவிடும். வந்தவர்கள் "நீலம் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை, சாம்பல் என்பேன். அவர்கள் மறுபடியும் சுவரைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள்.

இதில் நம் கண்ணுக்கும் பங்கு உண்டு. வெளிச்சம் மங்க மங்கக் கண் சிவப்பை விட்டுவிட்டு நீலத்தைப் பிரகாசமாகக் காட்டத் தொடங்கும். புர்கின்யே என்ற செக் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதிய விஷயம் இது. எங்கள் வீட்டில் இன்னொரு குற்றவாளியும் இருக்கிறது: வார்னிஷ் அடித்த மரக்கதவு. ஆரஞ்சு கலந்த பழுப்பு. பக்கத்தில் ஆரஞ்சு நின்றால் சாம்பல் நீலமாகத்தான் தெரியும். பிரான்சின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்ட செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று புகார் வந்ததாம். ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருந்த நிறங்கள் செய்த வேலை. 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். சுவரைச் சுரண்டிப் பார்க்கக் கிளம்பிய எனக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் ஆறுதல்.

பல்பையும் விட்டுவைக்கவில்லை. முதலில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை பல்பு (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம் பக்கம், குறைந்தால் மஞ்சள் பக்கம்). அதைப் போட்டால் ஹால் பனிப்பெட்டி. கோபத்தில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு வாங்கி மாட்டினேன். சுவர் பழைய செய்தித்தாள் நிறத்துக்குப் போய்விட்டது. இதற்குச் சாம்பல் எதற்கு, ஐவரியே அடித்திருக்கலாமே! கடைசியில் 4000 கெல்வினில் நின்றது சண்டை. அதுவும் நிறங்களைச் சரியாகக் காட்டும் தரத்தில், அட்டையில் சி.ஆர்.ஐ. 90 என்று போட்டிருந்ததை மாட்டிய பிறகுதான் ராத்திரியில் அது சாம்பலாகத் தெரிந்தது. ஒரு பெயிண்டுக்காக மூன்று முறை பல்பு மாற்றியவன் நானாகத்தான் இருப்பேன்.

நியாயமாக அதன் நல்லதையும் சொல்லவேண்டும். இதன் எல்.ஆர்.வி., அதாவது நூறு பங்கு வெளிச்சம் விழுந்தால் எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்ற கணக்கு, அறுபதுகளில் இருக்கிறது. அதனால் பகலில் லைட் போடவே தேவையில்லை, வெள்ளைச் சுவர் மாதிரி கண்ணும் கூசாது. மழை மூட்டமான காலைகளில் இந்தச் சுவர் இருக்கிற அழகே தனி. ஜன்னல் கம்பியின் நிழல் மங்கலாக விழும்போது, பென்சிலால் கோடு போட்டு விரலால் தேய்த்த மாதிரி இருக்கும். ஜன்னலோரம் வைத்திருக்கும் செடியின் பச்சையும் கூடித் தெரிகிறது. அப்புறம் யாருமே சொல்லாத ஒரு சௌகரியம்: தூசியின் நிறமும் சாம்பல், சுவரின் நிறமும் சாம்பல். ஒட்டடை அடிக்க இரண்டு வாரம் தள்ளிப்போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது.

கைரேகை மட்டும் தெரியும். சுவிட்ச் பெட்டியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம். நான் அடித்தது பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன், கறை போனது, துடைத்த இடம் பளபளவென்று நின்றுவிட்டது. சுவிட்ச் இருக்கும் சுவருக்கு மட்டுமாவது லேசான பளபளப்புள்ள சாட்டின் ஃபினிஷ் அடித்திருக்கலாம்.

நான் உண்மையிலேயே பொறுமை இழந்தது இரண்டு மாதம் முன்பு. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் கசிவு. இரண்டு கை அகலத்துக்கு உடைத்து, குழாயை மாற்றி, பூசி, பட்டி பார்த்து முடித்தார்கள். பழைய பெயிண்டில் கால் டப்பா மிச்சம் இருந்தது. பெயிண்டர் அதையே பிரஷ்ஷால் தொட்டு அடித்துவிட்டு "காஞ்சா சேர்ந்துடும் சார்" என்றார். காய்ந்தது. சேரவில்லை. நேரே நின்றால் தெரியாது, வாசலில் இருந்து சாய்ந்து பார்த்தால் சுவரில் ஒரு தபால்தலை ஒட்டிய மாதிரி இருக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதலில் அடித்தது ரோலரில், இப்போது தொட்டது பிரஷ்ஷில், நடுவில் மூன்று வருட அழுக்கும் வெளிச்சமும். அதே டப்பாவாக இருந்தாலும் ஒட்டாது. அடர் நிறத்தில் ஒட்டு வேலை இன்னும் மோசமாகத் தெரியும் என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள். அது எனக்கு என்ன உபயோகம்?

ஆக அந்தச் சுவரை மூலை முதல் மூலை வரை முழுசாக அடிக்கவேண்டி வந்தது. புது டப்பா, அதே நம்பர். பழையதற்கும் புதியதற்கும் நூலிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூலையில் வெளிச்சம் திரும்பும்போது ஒரே பெயிண்டே இரண்டு நிறமாகத் தெரிவதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு டப்பா வாங்கினால் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் நண்பனிடம் சொல்லிவிட்டு, "வேண்டாம்டா, உன் ஜன்னல்லயும் வெயில் வராது, மணல் சாயல் இருக்கிற கிரேவா எடு" என்றேன். "ஏ-ஃபோர் அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, சுத்தி வெள்ளை ஓரம் விட்டு, சாயந்திரம் ஆறு மணிக்குச் சுவர்ல பிடிச்சுப் பாரு" என்றும் சொன்னேன். அவன் கேட்டான்: "சுவர் முழுக்கத் திரும்ப அடிச்சியே, அப்ப ஏன் நீ வேற கலர் மாத்தல?"

மாற்றலாம் என்றுதான் ஷேட் கார்டைக் கேட்டு வாங்கி, ஜன்னல் திட்டில் வைத்து அரைமணி நேரம் பார்த்தேன். வெளியே மழை மூட்டம். பெயிண்டர் கேட்டபோது வாயில் வந்தது பழைய நம்பர்தான்.

நண்பனுக்கும் அதை அனுப்பிவிட்டேன். கூடவே, மரக்கதவு இருந்தால் முதலில் அதற்கு வெள்ளை அடி என்றும் எழுதினேன். எங்கள் வீட்டில் அதற்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.