கல்மண்டபம் பிரேம் கடையும் எங்கள் வீட்டு லட்சுமியும்

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், டீக்கடைக்கும் மீன்வலை விற்கிற கடைக்கும் நடுவில் இருக்கிறது இந்தக் கடை. பலகையில் பெயர் உரிந்துபோய் ‘பிரேம் ஒர்க்ஸ்’ மட்டும் மிச்சம். வேளாங்கண்ணி மாதா, மெக்கா, முருகன், அம்பேத்கர் எல்லாம் வாசலில் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

நான் கொண்டுபோனது பாட்டியின் லட்சுமி படம். தாமரைமேல் நாலு கையோடு நிற்பாள், பக்கத்தில் யானை மாலை தூக்கும், அதே ரவிவர்மா லட்சுமிதான். தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தபோது மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கியது. என்ன விலைக்கு என்பதில் வீட்டில் இன்னும் சண்டை தீரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் தண்டையார்பேட்டை வீட்டுக்குள் வந்தபோது பின்பலகை ஊறி உப்பிவிட்டது, கண்ணாடியும் கீழ் மூலையில் விரிசல் கண்டது. அப்புறம் ஒரு வருஷம் பரண்மேல் கிடந்தது. சோம்பல்தான், வேறென்ன.

முதலில் ஏசி போட்ட பெரிய கடை ஒன்றுக்குத்தான் போனேன். “ஸ்கேன் பண்ணி கேன்வாஸ்ல போட்டுத் தர்றோம் மேடம், கறையெல்லாம் போயிடும், பழசை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?” என்றான் அந்தப் பையன். படத்தைச் சுருட்டாத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்மண்டபத்துப் பெரியவர் முதலில் விலையே பேசவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி எடுத்து லட்சுமியின் கன்னத்தில் வைத்து, “பாருங்கம்மா” என்றார். பொடிப்பொடியாகப் புள்ளிகள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. பக்கத்திலேயே இந்த வருஷத்துக் காலண்டரை வைத்துக் காட்டினார். அதில் புள்ளியெல்லாம் அணிவகுப்பு மாதிரி வரிசை. “இது கல்லுல அடிச்ச அச்சு. நிறத்துக்கு ஒரு கல்லு. அது மெஷினு.” கீழ் ஓரத்தில் மங்கலாக ரவிவர்மா அச்சகத்தின் பெயரும் இருந்தது. இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

என் பிழைப்பைச் சொன்னால்தான் அடுத்தது புரியும். ராஜாஜி சாலையில், சரக்குக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் 22 வருஷமாக இருக்கிறேன். வெளிநாட்டுக்குச் சாமி சிலை, பழைய படம் அனுப்புகிறேன் என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “தொல்லியல் துறைகிட்ட பழம்பொருள் இல்லன்னு சர்டிபிகேட் வாங்கினீங்களா?” 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷம் ஆன சிலை, ஓவியம், கைவேலை எதுவும் நாட்டை விட்டுப் போகக் கூடாது. ஓலைச்சுவடி மாதிரியானவற்றுக்கு 75 வருஷம்தான். இது தவிர, வயது பார்க்காமல் தங்கள் படங்களைக் கலைக்கருவூலம் என்று அரசு அறிவித்த ஓவியர்கள் ஒன்பது பேர் உண்டு. அதில் ரவிவர்மா இருக்கிறார், தாகூர் குடும்பத்திலிருந்தே மூன்று பேர் இருக்கிறார்கள். அம்ரிதா ஷேர்கில் பிறந்தது புடாபெஸ்டில், அம்மா ஹங்கேரிக்காரர், கண்ணை மூடியது லாகூரில். நிக்கோலஸ் ரோரிக் அசல் ரஷ்யர், கடைசிக் காலத்தில் குலு பக்கம் வந்து தங்கியவர். இவர்கள் வரைந்து இங்கே இருக்கும் படம் எதுவும் நாட்டை விட்டுப் போகக் கூடாது, இந்தியாவின் சொத்து மாதிரி. பிறந்த ஊரைப் பார்த்தால் கணக்கு உதைக்கிறதே என்று எங்கள் ஆபீசில் ஒருநாள் டீ நேரம் முழுக்கப் பேசியிருக்கிறோம்.

ரவிவர்மாவையே எடுங்களேன். கேரளத்துக் கிளிமானூர்க்காரர், கையாண்டது ஐரோப்பிய எண்ணெய் வண்ணம். 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்தார், எந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. கடன் தாங்காமல் கடைசியில் அச்சகத்தையே ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரரிடம் விற்றார். இத்தனை கை மாறி வந்தவளுக்குத்தான் எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போட்டாள்.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது, “நம்ம நடராஜர் லண்டன்ல கேஸ் ஜெயிச்சு வந்தாரே, அது எப்படி?” என்று கேட்டார். நல்ல கேள்வி. லண்டனுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர் சிலை வழக்கில் கோயிலே வழக்காடலாம் என்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-ல் ஒப்புக்கொண்டது. இந்தியா என்ற நாடு முழுவதற்கும் சேர்த்துக் கேட்டதைவிட, பூசை நின்று இடிந்து கிடந்த ஒரு கோயில் தன் சாமியைக் கேட்டது எடுபட்டது. எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு இடத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது யானையின் காலில் நகக்கண் அளவு நிறம் உரிந்துவிட்டது. அவரே காட்டி, கூலியில் 200 ரூபாய் குறைத்துக்கொண்டார். மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பின்னால் பிளைவுட் வேண்டாம், செல் பிடிக்கும் என்று வேறு அட்டை போட்டார். கண்ணாடி இனிமேல் படத்தில் ஒட்டாமலிருக்க நடுவில் சன்னமாக ஒரு பட்டை கொடுத்தார்.

கண்ணாடியில்தான் தகராறு. நெற்றிக்கும் பாதத்துக்கும் நேராக, சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து இறுகிப்போன இரண்டு வட்டங்கள். துடைத்தாலும் போகாது. இந்தப் படம் எத்தனையோ ஆயிரம் வீட்டில் இருக்கும். அந்த வட்டம் எங்கள் வீட்டில் மட்டும்தான். பழைய கண்ணாடியையே போட முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அளந்துவிட்டு, “கீழ்ப்பக்கம் பீடிங் சட்டத்தை அகலமா போட்டா விரிசல் உள்ள போயிடும். ஆனா அச்சகத்துப் பேரும் உள்ள போயிடும். எழுத்து வேணுமா, கண்ணாடி வேணுமா?”

கண்ணாடி என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலை எடுத்து அந்த எழுத்தை அப்படியே பின்பலகையில் எழுதிவைத்தார்.

குறையும் உண்டு. வியாழக்கிழமை என்றவர் ஒன்பது நாள் கழித்துத்தான் கொடுத்தார், மூன்று தடவை அலைந்தேன். பில் கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருகிறார். மாட்டும் கொக்கி மெல்லியது, அதை நான் எம்.சி. ரோட்டில் வேறு வாங்கி மாற்றினேன். எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். தேக்கு பீடிங்குக்கு இது அதிகமில்லை.

மெல்போர்னிலிருந்து தம்பி மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு, “அத்தை, இது எனக்குத்தானே?” என்றாள். நூறு வருஷம் ஆச்சா இல்லையா என்று தொல்லியல் துறைக்காரர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை இங்கேதான் என்றேன். “பாட்டி படத்துக்கு கவர்மெண்ட் எதுக்கு?” என்று சிரித்தாள்.

போகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள், பெரியவர் அப்போதுதான் இருப்பார். கண்ணாடிப் படமென்றால் ஆட்டோவில் போங்கள். அந்தச் சந்தில் மீன் வண்டிகள் திரும்பும்போது டூவீலரில் உட்கார்ந்து படத்தைப் பிடிக்கவே முடியாது.