கவ்வாத்துத் தேயிலையும் வெட்டிய காடும்: நீலகிரியை மேலிருந்து பார்க்க எந்த வரைபடம்?

கோத்தகிரிப் பக்கம் சோலைக்காட்டை ஒட்டிய ஒரு சரிவு, கைபேசியில் பார்த்த செயற்கைக்கோள் படத்தில் பழுப்பாகத் தெரிந்தது. மரங்களை வெட்டிவிட்டார்களோ என்று பதறி மறுநாளே நடந்து போனேன். அங்கே தேயிலை தளதளவென்று நின்றது. படம் எடுத்த சமயத்தில் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள், அதாவது செடிகளைத் தாழ்வாக நறுக்கிவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த வரைபடத்தைத் திறந்தாலும் படம் எவ்வளவு தெளிவு என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தத் தேதியில் எடுத்தது என்றுதான் தேடுகிறேன்.

கூகுள் மேப்ஸில் அந்தத் தேதி கிடைக்காது. அடியில் இருக்கும் ஆண்டு பதிப்புரிமைக்கானது. அதைப் படம் எடுத்த ஆண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வழி பார்க்க அது போதும். நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறங்கள், இலவசம்தான். படத்தின் தேதி கீழே தெரியும், பழைய படங்களுக்கும் பின்னோக்கிப் போகலாம். தெளிவிலும் அதுதான் என் முதல் தேர்வு. சோலையின் மேற்பரப்பு காலிஃபிளவர் பூவைப் போல மேடும் பள்ளமுமாக, பல பச்சைகளில் தெரியும். சீகை (வாட்டில்) மரக் கூட்டம் ஒரே நிறத்தில் சீராகப் படர்ந்திருக்கும். தேயிலையில் நடைபாதைக் கோடுகள் வகிடு எடுத்த மாதிரி ஓடும்.

ஆனால் மலையில் ஒரு சிக்கல் உண்டு. செயற்கைக்கோள் சாய்வாகப் பார்த்து எடுத்த படத்தை நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் திருத்தித்தான் ஒட்டுகிறார்கள். செங்குத்தான சரிவில் அந்தத் திருத்தம் முழுதாக அமையாது. ஒரே கொண்டை ஊசி வளைவு இரண்டு ஆண்டுப் படங்களில் சில மீட்டர் தள்ளி நிற்கும். அதை வைத்து வேலிச் சண்டைக்குப் போய்விடாதீர்கள். எல்லை என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டியதுதான்.

தேதிதான் முக்கியம் என்றால் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களுக்கு இணை இல்லை. அவர்களுடைய கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஏறக்குறைய 5 நாளுக்கு ஒரு படம், ஒவ்வொன்றுக்கும் தேதி. காலை பத்தரை மணி வாக்கில் கடந்து போவதால் மதியத்துக்கு மேல் ஏறும் மஞ்சுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மட்டும் வெள்ளைப் போர்வைதான். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல படங்கள் கிடைக்கும். அந்த மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும், வடக்குச் சரிவுகள் நிழலில் கறுத்துத் தெரியும். அதைச் சோலை என்று எண்ணிவிடக் கூடாது.

குறை தெளிவில்தான். ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். தனி மரம் தெரியாது. ஆனால் என் கவ்வாத்துக் குழப்பத்தை அது நொடியில் தீர்த்திருக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலை சில மாதங்களில் பச்சைக்குத் திரும்பிவிடும். வெட்டிக் கட்டடம் கட்டிய இடம் திரும்பாது. படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

எஸ்ரி என்ற வரைபட நிறுவனத்தின் வேபேக் தளம் கூகுள் எர்த், சென்டினல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: நல்ல தெளிவு, 2014 முதலான பழைய படங்கள். பட்டியலில் காட்டும் தேதி வெளியிட்ட நாள். எடுத்த நாள் வேண்டுமானால் படத்தின் மேல் தட்டிப் பார்க்க வேண்டும்.

இஸ்ரோ 2009-ல் தொடங்கிய புவன் வரைபடத் தளத்தில் படத்தைவிட அதன் நிலப் பயன்பாட்டு அடுக்குகள்தான் எனக்கு உதவுகின்றன. காடு, தோட்டம், விளைநிலம் என்று மாவட்ட அளவில் பிரித்துக் காட்டும். 1:50,000 அளவில் (ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர்) செய்தவை என்பதால், ஓடையோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சோலையை அதில் தேடிப் பயனில்லை.

அப்புறம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் தொடங்கியது, படம் அல்ல, வரைந்த வரைபடம். ஆனால் ஊர்ப் பெயரைத் தமிழில் ஏற்றவும் ஒற்றையடிப் பாதையை வரையவும் நமக்கே உரிமை தருவது இதுதான். இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத பள்ளத்திலும் வேலை செய்யும். ஹட்டிகளும் (படகர் ஊர்கள்) தோடர் மந்துகளும் (தோடர் குடியிருப்புகள்) அவரவர் சொல்லும் பெயரோடு அதில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போதைக்கு எங்கள் பக்கத்து ஊற்றுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். மரத்தடியில் இருக்கும் ஊற்றை எந்தச் செயற்கைக்கோளும் பார்த்ததில்லை.